மூச்சடக்கிக் குத்தினேன்

குத்துச்சண்டை மேடையில் நான் முதல் தடவை விழுந்தபோது என்னை யாரும் குத்தவில்லை. எதிரே நின்ற பெண்ணே பயந்துபோய், நான் ஒன்றும் செய்யவில்லையே என்பதுபோல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவரைப் பார்த்தாளாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. இரண்டாவது ரவுண்டின் நடுவில் கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள் பறந்தன, கால் துவண்டது, அவ்வளவுதான். கண் திறந்தபோது ராமநாதபுரத்துப் பள்ளிக்கூட மைதானத்தின் பந்தல் துணியும், என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த சித்தி மகளின் முகமும்தான் தெரிந்தன.

"உனக்கு என்னடி ஆச்சு? அவ கை உம்மேல படக்கூட இல்லையே" என்றாள். அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

நான் பாம்பன்காரி. அம்மாவும் நானும் பாசி எடுக்கப் போகிறவர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றுகிற நாட்களில் இன்னும் சில பெண்களோடு வள்ளத்தில் ஏறி, பார் இருக்கிற இடத்துக்குப் போவோம். பார் என்பது தண்ணீருக்கு அடியில் கிடக்கிற பாறைத் திட்டு. மூச்சை இழுத்துப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டிக்கிடக்கும் பாசியைப் பிய்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் திணித்துக்கொண்டு மேலே வர வேண்டும். எங்கள் வள்ளத்தில் ஒரு பழக்கம் உண்டு. எல்லாரும் ஒரே சமயத்தில் முங்க மாட்டோம். ஜோடி சேர்ந்துகொள்வோம். ஒருத்தி அடியில் இருக்கும்போது அவளுடைய ஜோடி மேலே நின்று தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் தலை தெரிந்த பிறகுதான் இவள் முங்குவாள். எனக்கு ஜோடி அம்மா.

பாறை விரலை அறுத்துவிடும் என்பதால் பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொள்வோம். எனக்குக் குத்துச்சண்டை வந்து சேர்ந்தது அந்தத் துணி வழியாகத்தான். ஒருநாள் கைப்பேசியில் எதையோ தள்ளிக்கொண்டே போனபோது, ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கட்டிலிருந்து விரல் இடுக்கு வரை துணியைச் சுற்றுகிற காட்சி வந்தது. நான் வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து சுற்றுவதும் அப்படியேதான், பல்லால் முனையைக் கடித்து இழுப்பது உட்பட. இவளும் பாசிக்குப் போகிறவளோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சுற்றி முடித்து எழுந்தவள் தொங்கிக்கொண்டிருந்த மூட்டையைப் போட்டு அடித்த அடியில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுதான் எனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கோபத்துக்கு ஒரு வேலை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சொல்லித்தர ஆள் இல்லை. ராமநாதபுரத்தில் ஒருவர் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை மட்டும்தான் சேர்த்துக்கொள்வாராம். "கல்யாணம் பண்ற வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டார். உங்களுக்கு எதற்கு அந்தக் கவலை என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

பிறகு எல்லாம் கைப்பேசிதான். வீட்டுக்குப் பின்னால் நின்ற பூவரச மரத்தில் அரிசிச் சாக்கில் கடல் மணலை நிரப்பித் தொங்கவிட்டேன். முதல் நாளே மணிக்கட்டு வீங்கிவிட்டது. மணலைக் கொட்டிவிட்டு, விலைபோகாத காய்ந்த பாசியைத் திணித்தேன். அடிக்கப் பதமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மழை பெய்ததும் அது நாறிய நாற்றத்தில் பக்கத்து வீட்டு மதினி எங்கள் வாசலில் வந்து நின்று பாட்டாகப் பாடிவிட்டாள். மறுபடி வேறு பாசி, வேறு சாக்கு. கையுறைக்குப் பதில் விரல் துணியின் மேலேயே பழைய பனியன்களைச் சுற்றிக்கொண்டேன். குறி வைத்துக் குத்திப் பழக, சித்தி மகள் இரண்டு கையிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு என் எதிரே நிற்பாள். தெருவில் போகிறவர்கள் நான் தினமும் செருப்படி வாங்குகிறேன் என்று பேசிக்கொண்டார்கள்.

சித்தி மகளுக்கு என் வயதுதான். தையல் கடையில் வேலை. கடலில் பிறந்து வளர்ந்த குடும்பத்தில் கடலே ஆகாத ஒருத்தி. ஒருமுறை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனோம், கரை தாண்டியதிலிருந்து பார் வரும் வரை வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு கடல் பக்கம் கால் வைக்கவில்லை. ஆனால் எனக்காக மணலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செருப்போடு நிற்பாள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் இந்தி அல்லது இங்கிலீஷ். ஒரு வார்த்தை புரியாது. அந்தச் சத்தம் அம்மாவுக்கு எரிச்சல் வேறு. அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு, கை எங்கே போகிறது, கால் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்துப் படித்தேன்.

அப்படிப் படித்ததை வைத்துக்கொண்டுதான், ராமநாதபுரத்தில் பெண்களுக்கான திறந்த போட்டி, யாரும் வரலாம் என்றதும் பெயர் கொடுத்தேன். கையுறை, தலைக்கவசம் எல்லாம் அங்கேயே தந்தார்கள். முதல் ரவுண்டில் அந்தப் பெண்ணை ஓட ஓட விரட்டினேன். கூட்டம் கை தட்டியது காதில் விழுந்தது. இரண்டாவது ரவுண்டில்தான் அப்படி விழுந்தேன்.

மேடையில் விழுந்ததுகூட எனக்குப் பெரிதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான அடி விழுந்தது. யாரும் தொடாமலே மகள் மயங்கி விழுந்தாள் என்றதும் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, படபடப்பில் மயங்கியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும், "இனிமே நீ வள்ளத்துல ஏறாத" என்றாள்.

"டாக்டரு ஒண்ணுமில்லன்னுதானம்மா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லாம எவளாச்சும் விழுவாளா? கரையில விழுந்தா தண்ணி தெளிக்கலாம். அடியில விழுந்தா யாரு தெளிக்கிறது?"

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவுக்கு ஜோடியாக இருந்த வள்ளத்து அக்கா ஒருவர் முங்கிய இடத்தில் மயங்கிப்போய் எழாமலே போய்விட்டார். மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தது அம்மா. கொஞ்சம் முன்னாலேயே குதித்திருக்க வேண்டும் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். வள்ளத்துப் பெண்கள் எல்லாரும் அம்மா பக்கம்தான் நின்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அடுத்த அமாவாசைக்கு வள்ளம் நான் இல்லாமல் போனது. நான் கரையில் உட்கார்ந்து, வந்த பாசியை மணலில் பரப்பிக் கிளிஞ்சலும் கல்லும் பொறுக்கினேன். கடல்தான் என் பிழைப்பு, எனக்குத் தெரிந்த ஒரே தொழில். அதைவிட முக்கியமாக, அடியில் இருக்கும்போது என்னை யாரும் கூப்பிட முடியாது, ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அந்த நிம்மதி கரையில் கிடையாது. புதிதாக ஒன்றுக்கு ஆசைப்பட்டு, கையில் இருந்ததையும் தொலைத்துவிட்டேன். ஏன் விழுந்தேன் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கல்லைப் பொறுக்கிக்கொண்டே பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போட்டியைச் சித்தி மகள் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தாள். அவமானமாக இருந்ததால் அதுவரை நான் பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் தையல் கடையில் வேலை குறைவாக இருந்த நேரம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். எரிச்சல்பட அம்மா பக்கத்தில் இல்லை என்பதால் சத்தத்தை அணைக்கத் தோன்றவில்லை.

"இவ என்னடி, பாம்பாட்டம் சீறிக்கிட்டே இருக்கா?" என்றாள் சித்தி மகள்.

உண்மைதான். எதிரே நின்ற பெண் ஒவ்வொரு குத்துக்கும் "ஸ்... ஸ்..." என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். மேடையில் நானும் அதைக் கேட்டேன். பந்தாவுக்குச் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். என்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. உதட்டை இறுக்கி, கன்னத்தை உப்பிக்கொண்டு குத்திக்கொண்டிருந்தேன்.

சித்தி மகள் வீடியோவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏண்டி, நீ முங்குற மாதிரில்ல குத்துற?"

வீட்டுக்கு ஓடி வந்து சாக்குக்கு முன்னால் நின்றோம். அவள் என் வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள், நான் குத்தினேன். காற்றே வரவில்லை என்றாள். மறுபடி குத்தினேன், ஒரு துளி இல்லை. பழைய வீடியோக்களை எடுத்து, முதல் தடவையாகச் சத்தத்தோடு கேட்டேன். ஒவ்வொருத்தியும் சீறினாள், ஒருத்தி ஒவ்வொரு அடிக்கும் நாய் மாதிரி குரைத்தாள். கையையும் காலையும் ஒழுங்காகப் படித்த நான், மூச்சைப் படிக்கவே இல்லை. சின்ன வயசிலிருந்து பலம் போட்டு எதையாவது இழுத்தால் அது தண்ணீருக்கு அடியில்தான். பலம் போட வேண்டும் என்றால் வாயை மூடு என்றுதான் என் உடம்புக்குத் தெரியும். மற்றவர்களாக இருந்தால் அரை நிமிஷத்தில் மூச்சு முட்டி, தப்பு எங்கே என்று தெரிந்துபோயிருக்கும். நான் ரொம்ப நேரம் அடக்கக்கூடியவள் என்பதால் மேடையில் விழும் வரை தெரியாமலே போய்விட்டது.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள். "மூச்ச அடக்குனதால மயக்கமா? அப்ப கடல்லயும் அடக்கத்தான போற?"

"கடல்ல மேல வந்து நல்லா மூச்சு வாங்கிட்டுத்தான மறுபடி முங்குறேன்? மேடையில இடையிடையில ஒரு வாய் மட்டும் இழுத்துட்டு மறுபடி மறுபடி அடக்கியிருக்கேன்."

"வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன்."

"அடுத்த போட்டியில மூணு ரவுண்டும் விழாம நின்னுட்டா?"

அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நின்னு காட்டு. அப்புறம் பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் சரி என்று அர்த்தம் கிடையாது. ஆனால் எனக்கு அது போதும்.

மூச்சை விடப் பழகுவது குத்தப் பழகியதைவிடக் கஷ்டமாக இருந்தது. நினைப்பு இருக்கும்போது விடுவேன், கொஞ்சம் வேகம் வந்தால் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதனால் எதற்கு பலம் போட்டாலும் "ஸ்" என்று விடுவது என்று வைத்துக்கொண்டேன். அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது, பாசி மூட்டையைத் தூக்கும்போது, அம்மிக்கல்லை நகர்த்தும்போது, துணியை அடித்துத் துவைக்கும்போது எல்லாம் "ஸ்". பக்கத்து வீட்டு மதினி, "குக்கரு எத்தன விசில் ஆச்சு, எறக்கலாமா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள். "இன்னும் பருப்பு வேகல மதினி" என்று நானும் சளைக்காமல் சொல்வேன். சத்தம் நின்றால் அம்மா தலையைத் தூக்கிப் பார்ப்பாள், அதை நான் கவனித்திருக்கிறேன்.

ஒருவழியாகப் படிந்துவிட்டது என்று நினைத்தபோதுதான் இன்னொரு பூதம் கிளம்பியது. ஒரு காலையில் ஆசை அடங்காமல், கரையோரம் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கி முங்கி, கல்லில் ஒட்டியிருந்த பாசியைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் "ஸ்" என்று இருந்த மூச்சையெல்லாம் விட்டுவிட்டேன். அடுத்த நொடி வாய் நிறைய உப்புத் தண்ணீர். இருமிக்கொண்டு எழுந்து நின்றேன். கடலில் நான் பயந்தது அதுதான் முதல் தடவை. கால் தரையில் எட்டியதால் பிழைத்தேன், பாரின் மேல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அம்மா பயந்ததை நானே என் உடம்புக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டேனோ என்று தோன்றியது. கரையில் உட்கார்ந்து அழுதேன். குத்துச்சண்டையை விட்டுத்தொலை என்று மனசு சொன்னது. அதை விட்டுவிட்டால் விழுந்ததற்குக் காரணம் இதுதான் என்று எப்படி நிரூபிப்பேன்?

இரண்டையும் வைத்துக்கொள்வது, இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு வைப்பது என்று முடிவு செய்தேன். முங்கும்போது கண்ணாடி மாட்டுவோம். மேடையில் பல்லுக்கு ரப்பர் கவசம் வைக்க வேண்டும், அதை நான் தபாலில் வரவழைத்திருந்தேன். முகத்தில் கண்ணாடி இருந்தால் வாய் மூடும், பல்லில் ரப்பர் இருந்தால் மூச்சு ஓடும். காலையில் கண்ணாடியோடு, கால் எட்டுகிற தண்ணீரில் மட்டும் முங்கி, கல்லில் இருக்கும் பாசியை இழுப்பேன். கண்ணாடியைக் கழற்றி, ரப்பரைக் கடித்துக்கொண்டு, கரைக்குக் கொண்டுவந்து மாட்டியிருந்த சாக்குக்கு நேராகப் போவேன். மறுபடி தண்ணீர். சித்தி மகள் தண்ணீர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கரையில் நின்று, "இப்ப மூடு... இப்ப விடு" என்று கத்துவாள். எத்தனையோ தடவை தப்பாக விட்டேன், உப்புத் தண்ணீர் குடித்தே வயிறு ரொம்பியது. ஒரு கட்டத்தில் அவள் கத்துவதற்கு முன்னாலேயே உடம்பு மாறிக்கொள்ள ஆரம்பித்தது.

அடுத்த போட்டிக்கு அம்மாவும் கிளம்பினாள். நான் கூப்பிடவில்லை. ஒரு பையில் தண்ணீர் பாட்டில், குளுக்கோஸ், எலுமிச்சம்பழம், மாற்றுச்சேலை எல்லாம் எடுத்துக்கொண்டு, விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு வரப்போகிற ஆயத்தத்தோடுதான் வந்தாள். முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு வாய்த்தவள் காலேஜில் படிக்கிற நெட்டையான பெண், முறையாகப் பயிற்சி எடுத்தவள். அவள் கை என் தலைக்கு வரும், என் கை அவளுக்கு எட்டாது. முதல் ரவுண்டு முழுக்க அடி வாங்கினேன், ஆனால் சீறிக்கொண்டே வாங்கினேன். மணி அடித்தபோது கால் திடமாக இருந்தது. மூலையில் நின்ற சித்தி மகள் என் வாய்க்கு நேரே உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டாவது ரவுண்டில் ஒரு குத்து நேராக மூக்கில் விழுந்தது. கண்ணில் நீர் கொட்டியது, மூக்கிலிருந்து தொண்டைக்குள் உப்பு இறங்கியது. மூக்கில் உப்பு என்றால் என் உடம்புக்குக் கடல். வாய் பூட்டிக்கொண்டது. காது அடைத்து, கூட்டத்தின் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது. நான் குத்திக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் எதுவும் வெளியே போகவில்லை. கறுப்புப் புள்ளி ஒன்று பறந்தது. இதோ மறுபடியும் என்று தெரிந்தும் வாயைத் திறக்க முடியவில்லை.

"மூச்ச விடுடி!"

அம்மாவின் குரல். இத்தனை வருஷமாகத் தண்ணீருக்கு மேலே நின்று என் முகத்தைப் பார்த்தவள், என் கன்னம் உப்பியதை எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்துவிட்டாள். வரிசையிலிருந்து எழுந்து கயிற்றுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள். "விடுடி! விடு வெளிய!" என்று அவள் கத்திய கத்தலில் நடுவரே திரும்பிப் பார்த்தார். நான் ரப்பரைக் கடித்துக்கொண்டு, ரத்தமும் எச்சிலும் தெறிக்க, அடைத்ததையெல்லாம் வெளியே தள்ளினேன். அடுத்த குத்துக்கும் தள்ளினேன். காது திறந்தது. யாரோ அம்மாவைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

மூன்றாவது ரவுண்டில் எனக்குக் கோபம் வந்தது, அந்தப் பெண் மேல் இல்லை, பொதுவாக எல்லாவற்றின் மேலும். குனிந்து உள்ளே புகுந்து அவள் விலாவில் இரண்டு மூன்று நல்ல குத்துகள் கொடுத்தேன். அவளும் சும்மா இருக்கவில்லை. கடைசி மணி அடித்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். நடுவர் அவள் கையைத்தான் தூக்கினார். அவள் நன்றாகத்தான் சண்டை போட்டாள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

மேடையை விட்டு இறங்கியதும் அம்மா சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை முன்னால் நடந்தாள். வள்ளத்தில் ஏற்றுவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாக்கலாம் என்று மறுபடியும் சொல்லிவிட்டால் தாங்க மாட்டேன் என்று தோன்றியது.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. டிக்கெட் போட வந்த கண்டக்டர் என் வீங்கிய மூக்கையும் கறுத்த கண்ணையும் பார்த்துத் திகைத்துப்போய், அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "என்னம்மா இது? யாரு அடிச்சா பிள்ளைய?"

"போட்டி தம்பி, குத்துச்சண்ட" என்றாள் அம்மா. தாழ்ந்த குரலில் இல்லை, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. "மூணு ரவுண்டும் நின்னா எம்மக."

"அப்படியா! ஜெயிச்சிருச்சா?"

"தோத்துட்டா" என்றாள், அதே குரலில். பிறகு உட்கார்ந்திருந்தவர்களைச் சுற்றிப் பார்த்தாள். "யாராச்சும் எந்திரிச்சு இவளுக்குக் கொஞ்சம் எடம் குடுங்க. நாளைக்கு வெள்ளன எங்கூட பாசிக்கு வாரவ, செத்த நேரம் உக்காரட்டும்."

மூன்று பேர் எழுந்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூக்கு வலிக்க வலிக்க அழுதேன்.